போக்கிமான் போட்டியில் முதலடி

விளையாட்டெல்லாம் வீண்பொழுதென்பாரும் உளர்; விளையாட்டே அறிவைத் தீட்டும் சாணையென்பாரும் உளர். இவ்விருவர் கூற்றும் விளையாட்டின் இயல்பையும் விளையாடுவார் மனநிலையையும் பொறுத்து மெய்யாதலும் உண்டு, பொய்யாதலும் உண்டு. நம் மாணவருட் பலர் இளம்பருவந்தொட்டே அறிந்த 'போக்கிமான்' என்னும் ஆட்டத்தைப் பற்றி யாம் ஈண்டுச் சில கூற விழைகின்றோம். இதனைக் கதையாக ஆடி முடித்தவர் பலர். போட்டியாக ஆடப் புகுந்தவர் சிலர். புகுந்தவருள்ளும் முதற் சில தோல்விகளிலேயே உளந்தளர்ந்து நீங்குவோர் உளர். அவர் நீங்குதற்குக் காரணம் யாது, நீங்காது நின்று கற்றற்கு வழி யாது என்னும் இவ்விரண்டுமே இக்கட்டுரையின் பொருளாம்.

ஆட்டத்தை அறியாத ஆசிரியப் பெருமக்கள் பொருட்டும் முன்னாள் மாணவர் பொருட்டும் அதன் வரலாற்றை முதற்கண் சுருங்கக் கூறுவாம். ஜப்பான் நாட்டவராகிய சதோஷி தஜிரி என்பார் இளமையிற் பூச்சிகளைப் பிடித்துச் சேர்த்தலிற் பெருவிருப்புடையராயிருந்தார். பின்னாளில், கையில் வைத்து ஆடும் 'கேம் பாய்' என்னும் கருவிகள் இரண்டனை ஒரு கம்பியால் இணைத்திருத்தலைக் கண்டபோது, அக்கம்பி வழியே பூச்சியொன்று ஒரு கருவியினின்று மற்றொரு கருவிக்கு ஊர்ந்து செல்வதாக அவர் உள்ளத்தில் ஓர் எண்ணம் தோன்றிற்று என்பர். அவ்வெண்ணம் வளர்ந்து, 1996-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 27-ஆம் நாள் 'ரெட்', 'கிரீன்' என்னும் ஈராட்டங்களாக ஜப்பானில் வெளிப்போந்தது. அன்று அவ்வாட்டத்தில் உலவிய விலங்குருக்கள் 151. 2022-இல் வெளிவந்த 'ஸ்கார்லெட்', 'வயலட்' என்னும் ஆட்டங்களும் அவற்றின் பிற்சேர்க்கைகளும் நிறைவெய்தியபோது அத்தொகை 1025 ஆயிற்று. இக்கட்டுரையில் யாம் காட்டும் எண்களெல்லாம் ஸ்கார்லெட், வயலட் என்னும் ஆட்டங்களையே அளவாகக் கொண்டவை. ஆட்டம் புதிதாகுந்தோறும் எண்களிற் சில மாறுமாயினும் அடிப்படை மாறுவதில்லை.

கதையும் போட்டியும்

கதையாட்டத்தில் இளைஞனொருவன் ஊர்தோறும் சென்று, காட்டிலும் கரையிலும் வாழும் போக்கிமான்களைப் பிடித்துப் பழக்கி, எதிர்ப்படுவாரொடு பொருது, முடிவில் வாகை சூடுவான். அவனுடைய போக்கிமான் போர்தோறும் பயின்று நிலையில் உயரும். அந்நிலையை 'லெவல்' என்பர். அஃது 1 முதல் 100 வரை செல்லும். எதிரியின் படை நாற்பதாம் நிலையில் நிற்க, நம் படை அறுபதாம் நிலையில் நிற்குமாயின், சூழ்ச்சி சிறிதுமின்றியே வெற்றி எய்தலாம். பொறுமையுடன் உழைப்பவர்க்குக் கதையில் தோல்வி அரிது.

போட்டியில் இவ்வேணி எடுக்கப்பட்டுவிடுகின்றது. நடத்துவோர் வகுத்த விதிப்படி இருதிறத்துப் படைகளும் ஐம்பதாம் நிலையிலேயே நிறுத்தப்படும். ஒவ்வொருவரும் ஆறு போக்கிமான்களைக் கொணர்வர். ஒரே பெயருடைய இரண்டைக் கொணர்தல் கூடாது. ஒரே கைப்பொருளை இரண்டற்குக் கொடுத்தலும் கூடாது. போர் தொடங்குமுன் இருவரும் ஒருவர் அறுவரை மற்றவர் காண்பர். கண்டு, 90 விநாடிக்குள் தத்தம் ஆறனுள் நான்கைத் தேர்ந்துகொள்வர். அந்நான்கனுள் இவ்விரண்டே ஒருகாலத்துக் களத்தில் நிற்கும். பின்னர்ச் சுற்றுதோறும் 45 விநாடிக்குள் தம் இரண்டற்கும் உரிய கட்டளைகளை ஒவ்வொருவரும் கொடுத்தல் வேண்டும்.

ஈண்டு உற்றுநோக்கற்பாலது ஒன்று உண்டு. சதுரங்கத்தில் எதிரி காயை நகர்த்திய பின்னரே நாம் நகர்த்துகின்றோம். அவன் செய்தது நம் கண்முன் கிடக்கின்றது. இவ்வாட்டத்திலோ இருவரும் ஒருங்கே, ஒருவர் எண்ணத்தை ஒருவர் அறியாது கட்டளையிடுகின்றனர். ஆதலின், காய்களைப் பற்றிய அறிவு மட்டும் போதாது. எதிரில் அமர்ந்திருப்பவர் எதனை அஞ்சுவார், எதனை விரும்புவார் என்னும் உய்த்துணர்வும் வேண்டும்.

கதையில் தாம் முதன்முதற் பெற்று, நெடுநாள் வளர்த்து, இறுதிப் போரிலும் துணைகொண்ட ஒரு போக்கிமானை முன்னிறுத்திக்கொண்டே பெரும்பாலும் புதியவர் போட்டிக்கு வருவர். அனல்கக்கும் 'சாரிசார்ட்' அதுவென வைத்துக்கொள்வோம். முதற்சுற்றிலேயே பாறையொன்று அதன்மேல் விழுகின்றது, அது மாய்கின்றது. இரண்டாம் போரிலும் அங்ஙனமே, மூன்றாவதிலும் அங்ஙனமே. "நாம் விரும்பியதைக் கைவிட்டு, பிறர் வலிதென்று கூறியதைக் கைக்கொண்டாலன்றி இங்கு இடமில்லை போலும்" என்று எண்ணி அவர் வருந்துகின்றார். இவ்வருத்தமே பலர் நீங்குதற்குக் காரணமென்பது எம் கருத்து. இது தக்கதோ தகாததோ என்பதனை முடிவில் ஆராய்வாம். அதற்குமுன், அப்பாறை ஏன் அத்துணைக் கொடிதாயிற்று என்பதை அறிதல் வேண்டும்.

திருவள்ளுவர் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என மூன்றதிகாரங்களை அடுத்தடுத்து நிறுவினார். அவர் கூறியது அரசர்க்கேயாயினும், அம்முறையே நம் பொருளுக்கும் இயைந்து நிற்றலின், அத்தலைப்புக்களையே யாமும் மேற்கொள்ளுகின்றோம்.

வலியறிதல்

வலியறிதற்கண் முதலாவது இனவறிவு. போக்கிமான்கள் ஆற்றும் ஒவ்வொரு வித்தையும் 18 இனங்களுள் ஒன்றைச் சார்ந்தது. ஒவ்வொரு போக்கிமானும் ஓரினமேனும் ஈரினமேனும் உடையது. நீர் நெருப்பை வெல்லும்; நெருப்பு புல்லை வெல்லும்; புல் நீரை வெல்லும். வெல்லும் இனத்து வித்தை படுமாயின் ஊறு இருமடங்காகும். தாங்கும் இனத்தின்மேற் படுமாயின் பாதியாகும். சிலவிடத்து ஊறே நிகழாது. மின்னினத்து வித்தை நிலவினத்தைத் தீண்டாமை இதற்கு எடுத்துக்காட்டு. ஈரினமுடைய ஒன்றன் இரண்டினமும் ஒரு வித்தைக்கு ஒருங்கே தோற்பனவாயின், ஊறு நான்மடங்காகும். சாரிசார்ட் நெருப்பும் பறவையுமாகிய ஈரினத்தது. பாறை இவ்விரண்டனையும் வெல்லும். அஃது ஒரே அடியில் வீழ்ந்ததற்குக் காரணம் இதுவே. மேலும், ஒரு போக்கிமான் தன்னினத்து வித்தையையே ஆற்றுமாயின் அதன் வலி ஒன்றரை மடங்காகும்.

பதினெட்டையும் பதினெட்டொடு உறழ்ந்தால் 324 உறவுகள் உளவாம். இவற்றை ஓரிரவில் நெட்டுருச் செய்தல் வீண்முயற்சி. தன் படையிலுள்ள ஆறும் எவ்வெவ்வினத்துக்கு அஞ்சும் என்பதனை மட்டும் ஒரு தாளில் எழுதி முன்வைத்துக்கொண்டு ஆடுக. சில நாளில் அத்தாள் வேண்டாததாகும்.

இரண்டாவது எண்ணறிவு. ஒவ்வொன்றற்கும் உயிரளவு, தாக்கு, காப்பு, சிறப்புத்தாக்கு, சிறப்புக்காப்பு, விரைவு என ஆறு அளவைகள் உண்டு. இவற்றுள் ஒவ்வொன்றும் நான்கு கூறுகளால் அமைகின்றது. பிறப்பால் அப்பெயருடைய எல்லாவற்றிற்கும் பொதுவாயமைந்த அடியெண் ஒன்று. அவ்வோர் உயிர்க்கே தனித்தமைந்து 0 முதல் 31 வரை செல்லும் மறையெண் ஒன்று. பயிற்சியால் ஈட்டப்படும் எண் ஒன்று; இஃது ஓர் அளவைக்கு 252-க்கு மேலும், ஆறற்கும் சேர்த்து 510-க்கு மேலும் செல்லாது. எஞ்சியது 'நேச்சர்' எனப்படும் இயல்பு. இயல்புகள் 25, அவற்றுட் பெரும்பாலன ஓர் அளவையைப் பத்திலொரு பங்கு உயர்த்தி மற்றொன்றை அத்துணையே தாழ்த்தும்.

கேட்டற்கு வறண்டதாகத் தோன்றும் இக்கணக்கின் பயனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவாம். 'கார்ச்சோம்ப்' என்பது விரைவின் அடியெண் 102 உடையது. 'டிராகனைட்' என்பது 80 உடையது. ஆகவே முன்னதே விரைந்ததென்று புதியவர் கருதுவர். ஐம்பதாம் நிலையில், மறையெண் 31 ஆக, விரைவுப் பயிற்சியே பெறாத, விரைவை உயர்த்தாத இயல்புடைய கார்ச்சோம்பின் விரைவு 122. அதே மறையெண்ணொடு விரைவிற் பயிற்சி 252-உம் அதனை உயர்த்தும் இயல்பும் பெற்ற டிராகனைட்டின் விரைவு 145. பிறப்பாற் பின்தங்கியது பயிற்சியால் முந்திற்று. கார்ச்சோம்பும் அங்ஙனமே பயிற்றப்படின் 169 ஆகி மீண்டும் முந்தும். முந்துவது முதலில் அடிக்கும். முதலில் அடிப்பது பல்காலும் அடிபடாதே வெல்லும். கதையாட்டத்தில் இவ்வெண்கள் ஒருபுறம் மறைந்துகிடக்கின்றன. அவற்றை அறியாதார்க்கும் அங்குக் குறையில்லை. போட்டியிலோ இவ்வெண்களே படையின் உடலாகின்றன.

இவற்றைத் திருத்துதல் முற்காலத்திற்போல அரிதன்று. ஸ்கார்லெட், வயலட்டில் வைட்டமின் ஒன்று கொடுப்பின் பயிற்சியெண் பத்து ஏறும்; 26 கொடுப்பின் ஓரளவை நிரம்பும். இயல்பின் பயனை மாற்றுதற்குப் புதினா இலைகள் உண்டு. குறைந்த மறையெண்ணைச் சீராக்குதற்குப் புட்டி மூடிகள் உண்டு. இவையெல்லாம் ஆட்டத்தினுள்ளேயே ஈட்டத்தக்கவை.

காலமறிதல்

வலியை அறிந்தபின் அதனைப் பயன்படுத்தும் வேளையை அறிதல் வேண்டும். ஒரு சுற்றில் விரைவு மிக்கது முன்னும் குறைந்தது பின்னுமாகச் செயற்படும் என்றோம். இவ்வொழுங்கை மாற்றும் வித்தைகள் சில உள. 'டெயில்விண்ட்' என்னும் பின்காற்று, வீசுவார் பக்கத்து விரைவை நான்கு சுற்று வரை இருமடங்காக்கும். 'டிரிக் ரூம்' என்பது ஒழுங்கையே தலைகீழாக்கி, ஐந்து சுற்று வரை மந்தமானதை முன்னும் விரைந்ததைப் பின்னும் செயற்படச் செய்யும். எதிரி டிரிக் ரூம் அமைப்பானாயின், நாம் விரைவிற்கெனச் செலவிட்ட பயிற்சியெல்லாம் நமக்கே பகையாம். எனவே, எதிரியின் ஆறனையும் நோக்கும் அந்த 90 விநாடியில் முதற்கண் வினவத்தக்கது, "இவன் விரைய விரும்புகின்றானோ, மந்தத்தை விரும்புகின்றானோ?" என்பதே.

'புரொடெக்ட்' என்னும் காப்புவித்தை மற்றொன்று. அஃது ஆற்றியது அச்சுற்றிற் பெரும்பாலான வித்தைகளால் ஊறுபடாது. இதனைக் காணும் புதியவர், "தாக்காது நிற்றலால் யாது பயன்?" என்பர். இருவர் எதிரிகளும் ஒன்றையே குறிவைத்தால், அது காத்துநிற்க, மற்றொன்று தடையின்றித் தாக்கும். அச்சுற்றில் எதிரியின் ஈரடிகளும் வீணாம். பின்காற்று ஓயும்வரை ஒரு சுற்றைக் கழித்தற்கும் இதுவே கருவி. ஆயினும் அடுத்த சுற்றிலும் உடனே இதனையே நாடினால், அது பலிப்பது மூன்றிலொரு பங்கே. 'ஃபேக் அவுட்' என்பது களம்புக்க முதற்சுற்றில் மட்டும் பலித்து, எதிரியொன்றை அச்சுற்றுச் செயலற்றிருக்கச் செய்யும். இவை மூன்றும் வலியாற் சிறியவை, வேளையால் பெரியவை.

'டெரா' என்னும் மாற்றமும் காலமறிதலின்பாற்பட்டதே. ஒரு போரில் ஒருவர் ஒரேமுறை தம் போக்கிமான் ஒன்றன் இனத்தை மாற்றலாம். முற்கூறிய சாரிசார்ட், பாறை வருஞ்சுற்றில் நீரினமாக மாறுமாயின், நான்மடங்காக வேண்டிய ஊறு ஒருமடங்காகக் குறையும். ஆனால் பாறை வாராத சுற்றில் மாறிவிடின், அவ்வாய்ப்பு மீளாது.

இடனறிதல்

இரண்டு இரண்டாகப் பொருதலின், ஒன்றன் வலி அதன் அருகில் நிற்பதைப் பொறுத்தது. 'எர்த்குவேக்' என்னும் நிலநடுக்கம் எதிரிகள் இருவரையும் தாக்குவதோடு அருகில் நிற்கும் துணையையும் தாக்கும். ஆயின், துணை பறவையினத்ததாயின் நிலவித்தை அதனைத் தீண்டாது. ஆதலின் கார்ச்சோம்பின் அருகில் டிராகனைட்டை நிறுத்தின், கார்ச்சோம்ப் நிலத்தை அஞ்சாது நடுக்கலாம். 'இன்சினரோர்' என்பது களத்திற் புகுந்த அளவிலேயே எதிரிகள் இருவரின் தாக்கையும் ஒரு படி தாழ்த்தும் குணம் பெறவல்லது. அது பலரையும் வீழ்த்துதற்காகக் கொணரப்படுவதன்று, தன் துணை வீழாதிருத்தற்காகக் கொணரப்படுவது. எனவே ஆறனையும் தேர்வோர், "இதன் வலி எவ்வளவு?" என்று வினவுவதினும், "இதன் தொழில் யாது?" என்று வினவுதல் வேண்டும். தாக்குவது எது, தாங்குவது எது, விரைவை மாற்றுவது எது, துணையைக் காப்பது எது என ஒவ்வொன்றற்கும் விடை கிடைப்பின் அது படை. விடை கிடையாதாயின் அது வெறுந்தொகை.

இனி, யாம் முன்னர்ப் புகன்ற வருத்தத்திற்கு வருவாம். விரும்பியதைக் கைவிடுதல் வேண்டுமோ? இதற்கு 2014-ஆம் ஆண்டு அமெரிக்காவின் வாஷிங்டன் நகரில் நிகழ்ந்த உலகப் போட்டி விடை பகர்கின்றது. அதில் முதன்மை எய்தியவர் தென்கொரியாவைச் சேர்ந்த செஜுன் பார்க். அவர் படையில் 'பச்சிரிசு' என்னும் சிற்றணில் ஒன்று இருந்தது. அதன் ஆறு அடியெண்களின் கூட்டு 405. அவர் படையிலேயே இருந்த கார்ச்சோம்பின் கூட்டு 600. வலியொன்றையே நோக்கினால் அவ்வணிலுக்கு அங்கு இடமில்லை. ஆயினும் அதற்கு 'ஃபாலோ மீ' என்னும் வித்தை உண்டு. எதிரிகள் துணைமேல் எறியும் வித்தைகளை அது தன்மேல் ஈர்த்துக்கொள்ளும். மின்வித்தை படின் ஊறுபடாது, உயிர் பெருகும் குணமும் அதற்கு உண்டு. அப்படையிலிருந்த 'கியாரடோஸ்' என்பது நீரும் பறவையுமாகிய ஈரினத்தது. மின்னுக்கு நான்மடங்கு இளைப்பது. கியாரடோஸைக் கொல்ல எதிரி எறியும் மின்னை அணில் தானேற்றுக் கொழுக்கும்! தான் வீழ்த்தவல்லது சிறிதேயாயினும், வீழ்த்தவல்லதை வீழாமற் காத்தது அவ்வணில்.

ஈண்டு இருவகைப் பிழையுணர்வுக்கும் இடமுண்டு. "விரும்பியதைக் கொண்டே வெல்லலாம்" என்று இதனாற் கொள்ளின் அது மிகை. பச்சிரிசுவைக் கண்மூடிக் கொணர்பவர் தோற்பர். செஜுன் பார்க் அதற்குரிய தொழிலைக் கண்டு கொணர்ந்தார். "விருப்பத்திற்கு இடமே இல்லை" என்பதும் பொய். விரும்பும் ஒன்றன் இளைப்பை மறையாது நோக்கி, அதற்குத் தக்க தொழிலும் துணையும் தேடுபவர்க்கு இடமுண்டு. விருப்பம் வினாவைத் தொடங்கிவைக்கும். விடையை அறிவே காணல் வேண்டும். அவ்விடை, "இவ்விதியில் இதற்கு இடமில்லை" என்றே வருமாயின், அதனையும் ஏற்றல் கற்றவர்க்கு அழகு. விதிகளோ பருவந்தோறும் மாறுவன. இன்று இடமற்றது நாளை இடம்பெறுதலும் கூடும்.

ஊழும் திறமும்

"இவ்வாட்டத்திற் பாதி சூதன்றோ?" என்று வினவுவார் உளர். ஊழுக்கு இடமில்லையென யாம் கூறோம். கணக்கிட்டு வரும் ஊறு ஒவ்வொருமுறையும் நூற்றுக்கு 85 முதல் 100 வரையுள்ள ஒரு பங்காகவே விளையும். இருபத்துநான்கில் ஒருகால், எதிர்பாராவகையில் அடி ஒன்றரை மடங்காகும். வித்தைகளிற் சில குறிதவறும். ஆனால் இவ்வூழை அளந்தறிதலே திறம். 'ஃபயர் பிளாஸ்ட்' என்பதன் வலி 110. நூற்றுக்கு 85 முறையே அது குறிதவறாது சேரும். 'ஃபிளேம்துரோவர்' என்பதன் வலி 90; அது நூற்றுக்கு நூறும் சேரும். எதிரி 90-லேயே வீழ்வானாயின் 110-ஐ நாடுதல் பேதைமை. 110-க்கன்றி வீழானாயின் 90-ஐ நாடுதலும் பேதைமையே. எந்நிலையில் எது வேண்டுமென அறிதற்கு ஊறுகணக்கும் கருவிகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன.

ஊழே ஆள்வதாயின் ஒருவரே அடுத்தடுத்து வெல்லுதல் அரிது. அமெரிக்கராகிய ரே ரிட்ஸோ என்பார் 2010, 2011, 2012 ஆகிய மூன்றாண்டுகளிலும் தொடர்ந்து உலக முதன்மை எய்தினார். ஒரு போரை ஊழ் பறித்துக்கொள்ளும். ஒருவரது உழைப்பு முழுவதையும் பறித்துக்கொள்ளாது. பெரும்போட்டிகளில் மூன்று போர்களுள் இரண்டில் வென்றவரே வென்றவராகக் கொள்ளப்படுவதும் இதுபற்றியே.

தொடங்கும் முறை

இனித் தொடங்குவார் செய்யத்தக்கவற்றை நிரலே கூறுவாம்.

முதலாவது, தாமே படை வகுக்க விரையாமை. வல்லுநர் பலர் தம் படையைப் பிறர் இரவலாகப் பெற்று ஆடுதற்கு உரிய குறியெண்ணை வெளியிடுகின்றனர். ஆட்டத்தினுள் அவ்வெண்ணைப் பொறித்த அளவில் அப்படை கைவரும். ஆட்டக்கருவி வாங்கப் பொருள் இல்லாதார், 'போக்கிமான் ஷோடவுன்' என்னும் இணையக் களத்தில் ஒரு காசும் செலவின்றிப் பொருது பழகலாம். அங்குப் பயிற்றும் உழைப்பு இல்லை. எண்களை விரும்பியவாறே எழுதி, உடனே போர்புகலாம். கணினியோ கைப்பேசியோ உடைய எவர்க்கும் இவ்வாயில் திறந்தே உள்ளது.

இரண்டாவது, ஒரு படையையே நெடிது பற்றியிருத்தல். தோல்விதோறும் படையை மாற்றுபவர், தோற்றது படையாலோ தம்மாலோ என்பதை என்றும் அறியார். குறைந்தது முப்பது போர்களேனும் ஒரே ஆறனைக்கொண்டு ஆடுக. பின்னர் மாற்றவேண்டின் ஒன்றை மட்டும் மாற்றுக.

மூன்றாவது, போர்தோறும் குறிப்பெழுதுதல். எதிரியின் ஆறனுள் எந்நான்கு வருமென எண்ணினோம், எந்நான்கு வந்தன? எச்சுற்றில் போர் கைநழுவிற்று? அச்சுற்றில் வேறு யாது செய்திருக்கலாம்? இம்மூன்று வினாவுக்கும் மூன்று வரியில் விடை எழுதுக. "வேறொன்றும் செய்திருக்க இயலாது; ஊழே காரணம்" என எழுதவேண்டிய போர்கள் சில உளவாம்; அவை நாம் எண்ணுவதினும் மிகக் குறைவு.

நான்காவது, படைத்தாளைப் படித்தல். 2023-ஆம் ஆண்டுப் பருவந்தொட்டுப் பெரும்போட்டிகளில் இருவரும் தத்தம் படையின் வித்தைகள், குணங்கள், கைப்பொருள்கள், டெரா இனம் ஆகியவற்றை எழுதிய தாளை ஒருவர்க்கொருவர் காட்டும் வழக்கம் ஏற்பட்டது. மறைபொருளாற் புதியவர் வீழ்தல் இதனாற் குறைந்தது. நண்பரிருவர் தம்முள் பழகுங்காலும் இவ்வழக்கத்தை மேற்கொள்ளுதல் நன்று.

ஐந்தாவது, காலத்திற்கு வரம்பிடுதல். ஒரு போர் பெரும்பாலும் கால்மணி நேரத்துள் முடியும். ஆனால் தோற்றவர் உள்ளம், "இன்னும் ஒன்று" என்று இரக்கும். சினத்துடன் ஆடும் பத்துப் போர்கள் கற்பிப்பது, அமைதியுடன் ஆடும் ஒரு போர் கற்பிப்பதினும் குறைவே. நாளொன்றுக்கு மூன்று போரும் அவற்றின் குறிப்பும் போதும். தேர்வு நெருங்கின் அவையும் காத்திருக்கும். போக்கிமான்கள் பசியால் மெலிவதில்லை.

நேர்மை

இறுதியாக ஒன்று கூறாது விடுதல் தகாது. 2023-ஆம் ஆண்டு ஜப்பானின் யோகஹாமா நகரில் நிகழ்ந்த உலகப் போட்டியில், முறையாகப் பிடித்து வளர்க்காது, புறக்கருவிகளால் எண்களைப் புனைந்து ஆக்கிய போக்கிமான்களைக் கொணர்ந்தமை கண்டறியப்பட்டு, ஆட்டக்காரர் சிலர் விலக்கப்பட்டனர். அதன்பின் பெருவழக்கு எழுந்தது. "முறையாக வளர்த்தாலும் இவ்வெண்களே வரும், போர்த்திறத்தில் வேறுபாடில்லை, மாணவரும் உழைப்பாளரும் நெடும்பொழுதைச் செலவிட இயலுமோ?" என்றனர் ஒருசாரார். "விதி யாவர்க்கும் ஒன்று, அதனைக் காத்து உழைத்தவர்க்கு இஃது அநீதி" என்றனர் மறுசாரார்.

முன்னவர் கூற்றில் உண்மை இல்லாமல் இல்லை. பொழுதின்மை மெய்யான இடர். அதனை எள்ளுதல் ஆகாது. ஆயினும், விதியை மாற்றவேண்டுமென வெளிப்பட வாதித்தல் வேறு. மாறாத விதியை மறைவில் மீறி, அதனைக் காப்பவனோடு ஒரே மேசையில் அமர்தல் வேறு. எதிரில் அமர்ந்தவர் நம்மை நம்பியே அமர்கின்றார். பொழுது குறைந்தவர்க்கு இரவற்படையும் இலவசக் களமும் உண்டென முன்னரே கூறினோம். அவ்வழிகள் இருக்க, பொய்வழி புகுதற்குக் காரணம் யாதும் எமக்குத் தோன்றவில்லை.

தொடங்குவார்க்கு யாம் கூறவேண்டுவது இவ்வளவே. முதல் இருபது போரிற் பலவற்றில் தோல்வியே வரும், அதற்கு நாணவேண்டா. கதையில் நிலையை உயர்த்தி வென்றவர், இங்கு நிலைகள் ஒத்தபின் எஞ்சும் அறிவைக்கொண்டே வெல்லல் வேண்டும். அவ்வறிவோ ஒரு நாளில் விளைவதன்று. சாரிசார்டை விரும்பும் நண்பர் அதனைக் களைந்தெறிதல் வேண்டா. அதன் அருகில், பாறையைத் தடுக்கும் துணை எது என்னும் வினாவொடு இன்று மாலையே ஒரு தாளையும் எழுதுகோலையும் எடுத்துக்கொள்வாராக. ஆறு பெயர்களை எழுதி, ஒவ்வொன்றன் எதிரிலும் அதன் தொழிலை எழுதி முடித்தபோதே அவர் போட்டியாட்டக்காரராய் விட்டார். எஞ்சியதைப் போர்கள் கற்பிக்கும்.